உழக்கு நெய்யும் ஒரு யூனிட்டும்

கார்த்திகைத் தீபத்திற்கு மறுநாள் கூட்டம் சற்றுக் கலைந்தபின் மலையைச் சுற்றி நடப்பதை நாம் சில ஆண்டுகளாக வழக்கமாகக் கொண்டிருக்கிறோம். கிழக்கே பெரிய கோயிலில் தொடங்கும் பாதை மலையின் மேற்குப் புறம் திரும்புமிடத்தில் அடி அண்ணாமலை இருக்கிறது. மாணிக்கவாசகர் திருவெம்பாவையை இவ்விடத்தில் பாடியருளினார் என்பது மரபு. அவருக்கு இங்கே தனிக்கோயிலும் உண்டு. நமக்கு இவ்வூரில் வேறொரு கோயிலும் உண்டு. அது பெரியம்மா வீட்டுத் திண்ணை. சென்ற முறை அங்கே கால் நீட்டி அமர்ந்த நேரத்தில், மேலே 2668 அடி உயரத்தில் நெய்த்தீபம் எரிந்துகொண்டிருந்தது. கீழே பெரியம்மா மின்கட்டண விவரத்தை நம் கையில் திணித்தார்.

"இதப் பாருப்பா, எப்பவும் வர்றதுக்கு இது மூணு மடங்கு இருக்குது. நான் என்ன மாவு மில்லா ஓட்டறேன்? நீதான் காலேஜுல பாடம் சொல்றவனாச்சே, என்னன்னு பாத்துச் சொல்லு."

தமிழிலக்கியம் படித்தவனுக்கும் மின்கணக்குக்கும் என்ன தொடர்பு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால், மலையுச்சியில் எரியும் விளக்கையும் கையிலிருந்த காகிதத்தையும் ஒருசேரப் பார்த்தபோது ஒரு கேள்வி எழுந்தது. வெளிச்சத்திற்கு விலை கொடுப்பவனுக்கும் வெளிச்சம் தருபவனுக்கும் கணக்கில் பிணக்கு வந்தால், அதைத் தீர்த்துவைத்தவர் யார்? இக்கேள்வியின் வரலாறு நாம் எண்ணியதைவிட நீளமானது.

*

சோழர் காலத்துக் கோயிற் கல்வெட்டுகளில் மிகப் பெரும்பகுதி விளக்குக் கணக்குதான். திருவண்ணாமலைக் கோயிற் சுவர்களும் இதற்கு விலக்கல்ல. இரவும் பகலும் அணையாது எரியும் நந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் என்பது அக்காலத்துப் பரவலான அளவு. கொடையாளர் ஆடுகளைத் தருவார். இடையர் அவற்றை ஏற்று, நாளொன்றுக்கு உழக்கு நெய், அதாவது கால்நாழி நெய், கோயிலுக்கு அளந்தாக வேண்டும். அந்த ஆடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். சாகாத, மூப்படையாத ஆடு உலகில் ஏது? செத்ததற்கு ஈடாகக் குட்டியை வளர்த்து எண்ணிக்கையைக் குறையாமல் காப்பது இடையரின் கடமை என்பதே அச்சொற்களின் பொருள். கல்வெட்டைப் பாடமாக நடத்தும்போது மாணவர்கள் இத்தொடரின் அழகில் மயங்குவார்கள். அது ஓர் ஒப்பந்த வாசகம் என்பதைச் சற்றுப் பொறுத்துத்தான் உணர்வார்கள்.

உழக்கு என்றால் எந்த உழக்கு? பிணக்கு பிறக்கும் இடம் இதுவே. ஆகவே எந்த அளவுகோலால் அளப்பது என்பதையும் கல்லில் வெட்டினார்கள். தஞ்சை இராசராசேச்சரத்தில் 'ஆடவல்லான்' என்னும் இறைவன் பெயரே மரக்காலுக்கு இடப்பட்டது. அளவுக்குப் பெயரிட்டு, அதன் மாதிரியைக் கோயிலின் பொறுப்பில் வைத்து, ஒப்பந்தத்தை எல்லோரும் பார்க்கும் சுவரில் எழுதி, 'பன்மாகேசுவரர்' என்ற அடியார் குழுவின் காவலில் அறத்தை ஒப்படைத்தார்கள். தருபவர், பெறுபவர் என்ற இரு கைகளுக்கு அப்பால் மூன்றாவது கை ஒன்று வேண்டும் என்ற அறிவு அந்த ஏற்பாட்டில் இருக்கிறது. நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமையாக்கிய வள்ளுவரும், கொள்வதும் கொடுப்பதும் மிகாமல் குறையாமல் வணிகம் செய்த புகார் நகரத்தாரைச் சிறப்பித்த பட்டினப்பாலையும் இவ்வறிவின் முன்னோர்கள்.

இதனால் அக்காலத்தில் பிணக்கே இல்லை என்று நாம் சொல்லவரவில்லை. பிணக்கு வரும் என்று தெரிந்ததனால்தான் இவ்வளவும் கல்லில் ஏறிற்று.

*

மின்சாரம் வந்தபோது இந்த ஏற்பாடு குலைந்தது. நெய்யைக் கண்ணால் காணலாம், உழக்கால் அளக்கலாம். மின்சாரத்தை எதனால் அளப்பது?

1882ஆம் ஆண்டு நியூயார்க்கில் எடிசன் தம் முதல் மின்நிலையத்தைத் தொடங்கினார். வாடிக்கையாளர் வீடுகளில் அவர் வைத்த அளவி ஒரு கண்ணாடிக் குடுவை. துத்தநாக உப்புக் கரைசலில் இரண்டு துத்தநாகத் தகடுகள் இருக்கும். மின்சாரத்தின் ஒரு சிறு பகுதி அதன் வழியே ஓடும். ஒரு தகட்டிலிருந்து துத்தநாகம் கரைந்து மற்றொன்றில் படியும். மாதந்தோறும் நிறுவனத்தின் ஆள் வந்து தகடுகளை எடுத்துச்சென்று நிறுத்துப் பார்த்துக் கட்டணம் போடுவார். அறிவியல் முறையில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வீட்டுக்காரர் எதையும் பார்க்க முடியாது. விற்பவரிடமே தராசு, விற்பவரே நிறுப்பவர், விற்பவரே கணக்கர். அடுத்த பத்தாண்டுகளில் முள்ளும் எண்ணும் காட்டும் அளவிகள் வந்து இக்குடுவைகளை அகற்றின. மீட்டரின் முகத்தில் எண் தெரிந்தது ஒரு பொறியியல் முன்னேற்றம் மட்டுமன்று. பணம் கொடுப்பவரின் கண்ணுக்குக் கிடைத்த உரிமையுமாகும்.

கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதுமா? மீட்டரே பொய் சொன்னால்? இங்கிலாந்தில் எரிவாயு நிறுவனங்களோடு இதே வழக்கு முன்னரே நடந்திருந்தது. அதன் விளைவாக 1859இல் எரிவாயு விற்பனைச் சட்டம் வந்தது. அளவிகளை ஆய்ந்து முத்திரையிடும் பொறுப்பு நிறுவனத்திற்கு வெளியே இருந்த ஆய்வாளர்களுக்குச் சென்றது.

அந்தச் சிந்தனை கடல்கடந்து நம் நாட்டிற்கும் வந்தது. 1910ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டம், மீட்டர் சரியா தவறா என்ற தகராறு எழுந்தால், இரு தரப்பில் எவர் விண்ணப்பித்தாலும் மின் ஆய்வாளர் அதைத் தீர்மானிக்க வேண்டும் என்று 26ஆம் பிரிவில் விதித்தது. மின் ஆய்வாளர் விநியோக நிறுவனத்தின் ஊழியர் அல்லர், அரசின் அலுவலர். மீட்டர் பழுதென்று அவர் கண்டால், பழுதான காலத்தின் பயன்பாட்டை அவரே மதிப்பிடுவார். அந்தக் காலம் ஆறு மாதத்திற்கு மிகாது என்ற வரம்பும் சட்டத்தில் இருந்தது. 24ஆம் பிரிவின்படி, கட்டணம் கட்டாத வீட்டின் இணைப்பைத் துண்டிக்க ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். அந்த அறிவிப்புக்கு முன்பே வழக்கு ஆய்வாளரிடம் சென்றிருந்தால், அவர் முடிவு சொல்லும்வரை துண்டிக்கக் கூடாது. அந்நிய ஆட்சியின் சட்டந்தான். ஆனால் அதில் மூன்றாவது கை இருந்தது.

*

அச்சட்டம் எழுதப்பட்ட காலத்தில் மின்சாரம் விற்றவர்கள் பெரும்பாலும் தனியார். சென்னை நகருக்கு விளக்கேற்றிய மதராஸ் எலக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் அத்தகையது. நிறுவனத்திற்கும் குடிமகனுக்கும் நடுவில் அரசு ஆய்வாளர் நிற்பதில் பொருள் இருந்தது. பின்னர் நிலைமை மாறிற்று. 1930களில் பைக்காராவும் மேட்டூரும் அரசின் மின்நிலையங்களாக எழுந்தன. 1947இல் சென்னை நிறுவனத்தை அரசு எடுத்துக்கொண்டது. 1957 ஜூலை 1ஆம் நாள் சென்னை மாநில மின்வாரியம் அமைந்தது. இப்போது விற்பது அரசின் வாரியம். விலை வைப்பதிலும் அரசின் சொல்லே. ஆய்வாளரும் அரசின் அலுவலர். மூன்று கைகளும் ஓருடலில் முளைத்தவையாயின.

இதன் விளைவைத் தமிழகம் கண்டது கொங்குநாட்டில். கோவைப் பகுதியின் ஆழ்கிணறுகளில் கவலை ஏற்றம் போய் மின்மோட்டார் வந்திருந்தது. உழவர்க்கு மின்கட்டணம் என்பது தண்ணீரின் விலை. ஆகவே சோற்றின் விலை. 1970இல் விவசாய மின்சாரத்தின் விலை யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசாவாக உயர்த்தப்பட்டது. இரண்டு பைசா! இன்று கேட்டால் சிரிப்பு வரும். அன்று வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு உழவர்களைத் திரட்டினார். அவ்வாண்டு ஜூன் 19ஆம் நாள் திருப்பூரை அடுத்த பெருமாநல்லூரில் காவல்துறை சுட்டதில் மூன்று உழவர்கள் இறந்தார்கள். பின்னர் ஒரு பைசா குறைக்கப்பட்டது.

1972இல் கட்டணம் மீண்டும் உயர்ந்தது. ஜூன் மாதத்தில் கோவை நகரத் தெருக்களில் ஆயிரக்கணக்கான மாட்டுவண்டிகள் வந்து நின்றன. நகரம் அசையாமற் போயிற்று. ஜூலை 5ஆம் நாள் சேலம் மாவட்டம் பெத்தநாயக்கன்பாளையம் உள்ளிட்ட இடங்களில் நடந்த துப்பாக்கிச் சூடுகளில் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நாளை உழவர் அமைப்புகள் இன்றளவும் ஈகியர் நாளாக நினைவுகூர்கின்றன. நாராயணசாமி நாயுடு 1984 டிசம்பர் 21ஆம் நாள் கோவில்பட்டியில் காலமானார். தேர்தல் பரப்புரைக்குச் சென்ற இடத்தில் நேர்ந்த இறப்பு அது.

இந்நிகழ்ச்சிகளை அரசியல் வரலாறாகவே எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். ஒரு கட்டணத் தகராற்றின் வரலாறாகவும் இதைப் படிக்கலாம் என்பது நம் எண்ணம். மீட்டர் சரியா என்று கேட்க ஆய்வாளர் இருந்தார். விலை சரியா என்று கேட்க அன்று ஒருவரும் இல்லை. விண்ணப்பம் போடுவதற்கு ஒரு மேசை இல்லாத இடத்தில் வண்டிகள் தெருவுக்கு வந்தன.

முடிவு என்னவாயிற்று? 1984இல் எம்.ஜி.ஆர். அரசு சிறு உழவர்களுக்கு மின்சாரத்தை இலவசமாக்கியது. 1989இல் அமைந்த கருணாநிதி அரசின் காலத்தில் அது எல்லா உழவர்க்கும் ஆனது. உயிர் கொடுத்துப் பெற்ற உரிமை அது. நாம் அதைக் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் இலவசத்தோடு இன்னொன்றும் நிகழ்ந்தது. பெரும்பாலான பம்புசெட்டுகள் மீட்டர் இல்லாமலே ஓடின. விலை போனதும் அளவும் போயிற்று. அளவு போனதும் வழக்கும் போயிற்று. உழவுக்கு எவ்வளவு மின்சாரம் செல்கிறது என்பதை மாதிரி மீட்டர்களைக் கொண்டு மதிப்பிட வேண்டிய நிலை வந்தது. உழவரின் வாசலில் ஓய்ந்த வழக்கு, அரசு தர வேண்டிய மானியம் எவ்வளவு என்ற உருவில் ஒழுங்குமுறை ஆணையத்தின் ஏடுகளுக்கு இடம்பெயர்ந்தது.

*

வீட்டு வாசலில் வழக்கு ஓயவில்லை. மத்தியப் பிரதேச மின்வாரியத்திற்கும் ஒரு பெண் நுகர்வோருக்கும் இடையே எழுந்த பிணக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. மீட்டர் மெதுவாக ஓடியது என்று கூறி வாரியம் தானே ஒரு கூடுதல் தொகையைக் கணக்கிட்டுக் கேட்டிருந்தது. 1987இல் நீதிமன்றம், மீட்டரின் சரிதவறு மின் ஆய்வாளர் முடிவுசெய்ய வேண்டியது என்றது. அம்முடிவுக்கு முன் வாரியம் தானாகக் கூடுதல் தொகை கேட்டது செல்லாது என்றும் தீர்ப்பளித்தது. விற்பவரே அளவையும் தீர்ப்பையும் தம் கையில் வைத்துக்கொள்ளலாகாது என்பதே அதன் சாரம். தஞ்சைக் கல்வெட்டின் ஆடவல்லான் மரக்கால் நமக்கு நினைவுக்கு வந்தது.

1998ஆம் ஆண்டின் சட்டப்படி, தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 1999இல் அமைந்தது. விலை சரியா என்று கேட்பதற்கான மேசை ஒருவழியாகப் போடப்பட்டது. கட்டணத்தை மாற்றுவதானால் ஆணையம் மக்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும். 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை ஆகிய நகரங்களில் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடந்தன. செப்டம்பரில் கட்டணம் உயர்ந்தது. கேட்டதற்குப் பயன் என்ன என்று சலித்துக்கொள்வோர் உண்டு. ஐம்பதாண்டுக்கு முன் அதே கோவையில் வண்டிகளை நிறுத்தியவர்களின் பேரன்மார் ஒலிபெருக்கியின் முன் நின்று புள்ளிவிவரம் சொன்னார்கள், எவரும் சுடப்படவில்லை. இது சிறிய மாற்றம் அன்று.

2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 1910ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. அதன் 42ஆம் பிரிவின்படி ஒவ்வொரு விநியோக நிறுவனமும் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் அமைக்க வேண்டும். அதற்கு மேல், ஆணையம் நியமிக்கும் மின்குறைதீர்ப்பாளர் இருப்பார். தமிழகத்தில் மின் பகிர்மான வட்டந்தோறும் மன்றம் உண்டு. திருவண்ணாமலை வட்டத்திலும் உண்டு. அதன் தலைவர் அவ்வட்டத்தின் மேற்பார்வைப் பொறியாளர். அவர் விற்பவரின் ஊழியர். நுகர்வோர் சார்பில் உறுப்பினர் இருந்தாலும், தலைமை விற்பவரிடமே இருக்கிறது. முழுமையான மூன்றாவது கையைக் காண வேண்டுமானால் சென்னையிலுள்ள குறைதீர்ப்பாளரிடம்தான் போக வேண்டும். 1910ஆம் ஆண்டுச் சட்டத்தைவிட இச்சட்டம் விரிவானது. ஆனால் இந்த ஓரிடத்தில் நமக்கு மனநிறைவில்லை.

சட்டத்தில் நம்மவர் பலரும் அறியாத நல்ல பகுதி 56ஆம் பிரிவு. துண்டிப்புக்கு 15 நாள் எழுத்துமுறை அறிவிப்பு தேவை. கணக்கில் தகராறு இருந்தால், கேட்கப்பட்ட முழுத்தொகையையோ, முந்தைய ஆறு மாதங்களின் சராசரிக் கட்டணத்தையோ, எது குறைவோ அதை, 'எதிர்ப்புடன் செலுத்துகிறேன்' என்று தெரிவித்துக் கட்டிவிட்டால், வழக்கு முடியும்வரை இணைப்பைத் துண்டிக்க முடியாது. விளக்கு எரிந்துகொண்டே வழக்கு நடக்கலாம். பழைய நிலுவைக்கும் ஓர் எல்லை உண்டு: கணக்கில் தொடர்ந்து காட்டப்படாத தொகையை, கேட்புநாளிலிருந்து இரண்டாண்டு கடந்தபின் வசூலிக்க இயலாது. பிழையைப் பின்னாளில் கண்டுபிடித்துப் புதிதாகக் கணக்கிடும் தொகை இதிலிருந்து வேறுபட்டது என்று 2020 பிப்ரவரியில், அஜ்மீர் மின்விநியோக நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. அத்தகைய தொகையை நிறுவனம் கேட்கலாம். ஆனால் அதற்காக இணைப்பைத் துண்டிக்க முடியாது.

*

பெரியம்மாவின் காகிதத்திற்கு வருவோம். தமிழகத்தில் வீட்டு மின்கணக்கு இரு மாதத்திற்கொருமுறை எடுக்கப்படுகிறது. 2016 முதல் முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணமில்லை. அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளில் கிடைத்த சலுகையிலும் ஒரு பகுதி போய்விடும். ஆகவே எத்தனை யூனிட் என்பதைப் போலவே எத்தனை நாளுக்கு என்பதும் முக்கியம். நான்கு மாதத்து யூனிட்டுகள் இரண்டு மாதத்துக் கணக்கில் விழுந்தால், மீட்டர் பொய் சொல்லாமலே கட்டணம் பொய்யாகிவிடும்.

நடந்தது அதுவே. முந்தைய கணக்கெடுப்பு நாளில் பெரியம்மா உறவினர் வீட்டுத் திருமணத்திற்குச் சென்றிருந்தார், கதவு பூட்டியிருந்தது. மீட்டர் உள்கூடத்தில் இருந்தது. அடுத்த முறை எடுத்த எண்ணில் நான்கு மாதமும் சேர்ந்திருந்தது. ஆனால் இதை எப்படி மெய்ப்பிப்பது? பழைய வெள்ளை அட்டையை எடுத்துப் பார்த்தோம். அண்மைக்காலக் கட்டங்கள் வெறுமையாக இருந்தன. எண்கள் இப்போது கைப்பேசிக்குச் செல்கின்றன, பெரியம்மாவின் கைப்பேசி மகனிடம் சென்னையில் இருக்கிறது.

அப்போது அவர் உள்ளே போய் ஒரு பால்கணக்கு நோட்டை எடுத்துவந்தார். காலஞ்சென்ற பெரியப்பா ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் பாலின் அளவோடு மீட்டர் எண்ணையும் எழுதிவைப்பாராம். "அவரு போனப்புறம் நானும் வுடல. எதுக்குன்னு தெரியாது, எழுதிக்கினு வர்றேன்" என்றார். கோணல் எழுத்தில், ஒரு மாதமும் விடாமல், பாலும் மின்சாரமும் ஒரே பக்கத்தில் இருந்தன.

அந்தப் பக்கங்களின் படியோடு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையொப்பமும் வாங்கிக்கொண்டோம். மன்றம்வரை போக நேரவில்லை. நோட்டைப் பார்த்த அலுவலர், "இத மாதிரி யாரும் வச்சிருக்கறதில்லீங்க" என்றார். யூனிட்டுகள் இரு காலத்திற்கும் பிரிக்கப்பட்டன. மிகுதித்தொகை அடுத்த கணக்கில் கழிக்கப்பட்டது.

இனிவரும் காலத்தில் மீட்டர் தானே எண்ணை அனுப்பிவிடும் என்கிறார்கள். கதவு பூட்டியிருந்தாலும் கவலையில்லை. பெரியம்மாவுக்கு நேர்ந்த பிணக்கு இனி நேராது. நல்லதுதான். ஆனால் யாரும் வாசலுக்கு வந்து எண்ணைப் படித்து எழுதாத காலத்தில், வீட்டார் அந்த எண்ணைப் பார்க்கும் பழக்கத்தையும் விட்டுவிட்டால், நாம் சுற்றிவந்து எடிசனின் துத்தநாகக் குடுவைக்கே திரும்பியவர்களாவோம். சட்டமும் மன்றமும் குறைதீர்ப்பாளரும் வேண்டும். அவர்கள் முன் வைப்பதற்கு நம் கையால் எழுதிய அளவு ஒன்றும் வேண்டும். கோயில் அதைக் கல்லில் எழுதிவைத்தது. பெரியம்மாவிடம் பால்கணக்கு நோட்டு இருந்தது.

விடைபெறும்போது அவர் நோட்டைத் திரும்பக் கேட்டார். அன்று முதல் தேதி; இன்னும் எழுதவில்லையாம்.